ஒரே கதவை வைத்து எடுத்த படம்

பார்த்த படங்களுக்கெல்லாம் தேதி குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் டாக்குமெண்ட் பார்க்கிறவன் நான். தேதி இல்லாத காகிதம் கைக்கு வந்தால் எனக்கு ஏதோ குறைவாகவே இருக்கும். அதனால் படத்தின் பெயர், எந்த ஆண்டு எடுத்தது, எங்கே பார்த்தேன், யாரோடு, எதுவரை என்று ஒரு வரி எழுதி வைப்பேன். ‘எதுவரை’ என்பதற்கு நேரே எப்போதும் ‘முழுதும்’ என்றுதான் வரும். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் ‘கடைசிக் கால்பங்கு பாக்கி’ என்று எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்த நாள் ஆயுத பூஜை.

அமெரிக்காவில் படங்கள் பேசத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் வந்த நகைச்சுவைப் படம் அது. பெரிய கம்பெனி எடுத்ததல்ல. அங்கே பெரிய ஸ்டுடியோக்களைச் சுற்றி அப்போது சின்னச் சின்னக் கம்பெனிகள் இருந்தன என்று படித்திருக்கிறேன். அவர்களுக்குச் சொந்தமாக செட் கிடையாது, நடிகர் கிடையாது. பெரிய இடத்தில் ஒரு படம் முடிந்து செட்டைப் பிரிப்பதற்குள் அதை வாடகைக்குக் கேட்டு வாங்கி, அவசர அவசரமாக ஒரு கதையை எடுத்து முடித்துவிடுவார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் திருப்பூர்தான் ஞாபகம் வந்தது. நூல் ஒருவருடையது, நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், தையல் ஒருவர், பட்டன் வைப்பது வேறு ஏதோ ஒரு சந்தில். ஜாப் ஒர்க்கில் எடுத்த படம் என்று பாயிடம் சொன்னேன். அவருக்கு அது உடனே புரிந்தது.

பாய் என்பவர் திருப்பூரை ஒட்டிய நல்லூரில் லேபிள் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் என் நண்பர். பனியனின் கழுத்துக்குப் பின்னால் உறுத்துகிற அந்தச் சின்ன நாடாவில் அளவையும் துவைக்கிற முறையையும் அச்சடித்துத் தருகிறவர். எங்கள் கம்பெனிக்கு லேபிள் கொடுக்க வந்து பழக்கமானவர். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். பல வருஷமாக மாற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன். “ஒரு மரியாதைங்க” என்பார், அவ்வளவுதான்.

டிசைனைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காக ஒரு புரொஜெக்டர் வாங்கியிருந்தார். லீவு நாட்களில் அதில் நாங்கள் பழைய படம் பார்ப்போம். முதலில் ஐந்தாறு பேர் வந்தார்கள். நான் கொண்டுவருவதெல்லாம் கறுப்பு வெள்ளையாகவே இருந்ததால் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

பாயின் யூனிட் முதல் மாடியில் இருக்கிறது. கீழே கட்டட ஓனரின் தையல் யூனிட். தெருவிலிருந்து பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு. அதன் அடியில் கம்பிக் கேட். கேட்டுக்கு உள்ளே செருப்பு ஸ்டாண்டு. பிரிண்டிங்கில் தூசி விழக் கூடாது என்பதால் மேலே போகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். ஓனர் தினமும் மாலையில் அந்த ஸ்டாண்டைப் பார்ப்பார். செருப்பு இருந்தால் மேலே ஆள் இருக்கிறது. இல்லையென்றால் கேட்டைப் பூட்டிவிட்டுப் போவார். கேட் சாவி அவரிடம் மட்டும்தான். மேலே ஏறிப் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டியும் இருந்ததில்லை.

அன்று மதியம் நான் போனபோது கீழே பூசை முடியும் தறுவாயில் இருந்தது. தையல் மிஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பானர் எல்லாம் ஒரு சிவப்புத் துணியில் வரிசையாகப் படுத்திருந்தன. பூசணிக்காய் படிக்கட்டு வாசலிலேயே காத்திருந்தது. என் வண்டிக்கு நான் காலையிலேயே பூசை போட்டு, மாலையோடு வீட்டு முன்னால் நிறுத்தியிருந்தேன். மறுநாள் மறுபூசை முடியும்வரை அதை எடுக்கக் கூடாது. அதனால் டவுன் பஸ்ஸில் வந்தேன். பாயின் வண்டியை அவர் மகள் கடைக்கு எடுத்துப் போயிருந்தாள். ஆக, தெருவில் எங்கள் வண்டி ஒன்றும் நிற்கவில்லை.

படிக்கட்டடியில் செருப்பைக் கழற்றப் போனேன். பின்னால் வந்த பாய் என் முழங்கையைத் தொட்டார்.

“பூசை நடக்கற வாசலுங்க அண்ணா. செருப்பு வேண்டாம். கையில எடுத்துக்குவோம்.”

நானும் சரியென்றேன். ஆளுக்கு ஒரு ஜோடியைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே மணியடிக்கிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல், சத்தம் போடாமல் மேலே ஏறினோம். செருப்புகளைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டையில் வைத்தோம்.

ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருக்கும்போது பாய் அன்றைய விஷயத்தைச் சொன்னார். மாலைத் தொழுகை முடிந்ததும் சோமனூரிலிருந்து அவர் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் விசைத்தறிக் கொட்டகை. நல்ல குடும்பம்.

“இன்னைக்குப் படம் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே பாய்.”

“ஊட்டுல நிக்கறதுக்கு எடமில்லீங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் நவுருங்க நவுருங்கங்கறாங்க. மச்சான் வேற வந்துட்டாரு. அவரு ஒக்காந்தா பெஞ்சு பூராவும் அவருதான்.” கொஞ்ச நேரம் ஜன்னல் கொக்கியோடு மல்லுக்கட்டினார். “புள்ள ஒண்ணு சொல்லியிருக்குதுங்க.”

மகள் ஒரு கார்மெண்ட் கம்பெனியில், துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், அதை அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். இனிப்பை வாயில் வைத்து வார்த்தை கொடுத்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. தாய்மாமன் சொல்ல மாட்டார். அம்மா சொல்ல விடமாட்டாள். சொல்ல வேண்டியவர் அப்பாதான்.

“சொல்லிருவீங்களா?” என்று கேட்டேன்.

“சொல்லிரோணும்” என்றார் பாய், வேறு யாரோ செய்ய வேண்டிய வேலையைப் பற்றிப் பேசுவதுபோல.

படத்தைப் போட்டோம். பூசை நடப்பதால் சத்தத்தைக் குறைத்தே வைத்தோம். ஒரு பணக்காரர் மகள், அப்பா பார்த்த பிரபுவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று வீட்டைவிட்டு ஓடி, ஒரு கடன்கார இளைஞன் வீட்டில் சமையல்காரியாகச் சேருகிறாள். அவளுக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது. மகளைத் தேடிவரும் அப்பாவை அந்த இளைஞன் குழாய் ரிப்பேர் பார்ப்பவர் என்று நினைத்துக் கையில் ஸ்பானரைக் கொடுத்துவிடுகிறான். அவரும் வாங்கிக்கொள்கிறார்.

பணமில்லாத படம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிந்தது. பணக்காரர் மாளிகைக்கும், இளைஞன் வீட்டுக்கும், போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரே கதவு. திரைச்சீலையை மட்டும் மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வரைந்திருந்த நிலாவும் சேர்ந்து ஆடியது. மேஜை மேல் ஒரு பெரிய பூச்சாடி. எல்லோரும் அதைப் பார்த்தே பேசினார்கள். அந்தக் காலத்தில் மைக்கை இப்படிப் பூவுக்குள் ஒளித்து வைப்பார்கள் என்று நான் சொன்னேன்.

“அதுதான் பூவுக்குப் பதில் சொல்றாங்களா?” என்றார் பாய்.

எல்லாவற்றையும்விட அவர்கள் பேசிய வேகம்தான் பாயைக் கட்டிப்போட்டது. அப்பாவும் மகளும், வேலைக்காரியும் எசமானனும் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்கவே விடவில்லை. வெளியே போ என்றார்கள், போனவரைத் திரும்ப இழுத்தார்கள், பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

“நம்மூர்ல இப்படிப் பேசுனா ஒரு ஊட்டுல டீ குடுக்க மாட்டாங்க” என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அடிக்கடி நிறுத்திப் பேசிப் பேசிப் பார்த்ததில், பாதிப் படம் தாண்டுவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். “நீங்க இருந்து முடிச்சுட்டு வாங்க அண்ணா. நான் கெளம்பறனுங்க.” என்ன அவசரத்திலோ செருப்பை எடுக்காமல் இறங்கினார். நான் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டேன். கீழேயிருந்து கம்பி குலுங்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை, பிறகு இன்னொரு முறை மெதுவாக. மேலே வந்து கதவோரம் நின்றார்.

“பூட்டியிருக்குங்க” என்றார், தான் பூட்டிவிட்டதுபோல.

இறங்கிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளிப்பக்கம் பெரிய பூட்டு. அதற்கும் சந்தனப் பொட்டு. தையல் யூனிட்டின் ஷட்டர் இறங்கியிருந்தது. உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பு தெருவில் காய்ந்திருந்தது. காலியான செருப்பு ஸ்டாண்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பாய் ஓனருக்குப் போன் போட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். ஓனர் கணியூரில் இருந்தார், அவருடைய சொந்த ஊரில். இங்கே பூசையை முடித்துவிட்டு, தோட்டத்துப் பூசைக்காகக் கிளம்பிப் போயிருக்கிறார்.

“அய்யோ பாய், மேலயா இருந்தீங்க? நான் பாத்துட்டுத்தானுங்க பூட்டுனேன். ஒரு செருப்புங்கூட இல்லீங்களே?”

“கையில எடுத்துட்டுப் போயிட்டோமுங்க. பூசை வாசலாச்சேன்னு.”

“அடடா. அந்த மனசு யாருக்குங்க வரும். இப்ப என்ன பண்றதுங்க? சாவிக் கொத்து பூசையில இருக்குது. டிராக்டர் சாவி, மோட்டார் ரூம் சாவி எல்லாத்தையும் ஒண்ணா வெச்சு இப்பத்தான் தீபம் காட்டுனோம். காருக்கும் போட்டாச்சு. நாளைக்கு காலைல மறுபூசை முடிச்சுத்தான் கையில எடுக்கறது. இன்னொரு சாவி என்ற டேபிள்ல, ஷட்டருக்கு உள்ள. ஏனுங்க பாய், அவசரமுங்களா?”

ஆமாம் என்று சொல்லச் சொல்லி நான் தலையை ஆட்டினேன். பாய் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

“அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கேக்கலாமேன்னுதான் கேட்டேன்.”

“ராத்திரிச் சாப்பாட்டுக்கு?”

“அதெல்லாம் பாத்துக்கறோமுங்க. நீங்க பூசையைப் பாருங்க.”

“மன்னிச்சுக்கோணுமுங்க பாய்.”

“நீங்க எதுக்குங்க? நாங்கதான் சொல்லாம ஏறிட்டோம்.”

இப்படியே இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைத்தார்கள். இரண்டு பேரும் மிக நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். கேட் பூட்டியபடியே இருந்தது.

“என்ன பாய் இப்படிச் சொல்லிட்டீங்க?”

“அவரு அவசரமான்னு கேட்டாருங்க. நான் ஆமான்னா, பூசையில வெச்சதை எடுத்துட்டு வாடான்னு அர்த்தமாயிருமுங்களே. அதை எப்படிங்க என்ற வாயால சொல்றது?”

நானே போன் செய்து சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் இப்போதுதான் ஒருவர் அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நிமிஷம் நான் அவசரம் என்றால் அவரைப் பொய்யராக்குவதாகும். அதனால் என் போனைப் பையிலேயே விட்டேன்.

ஜன்னலைத் திறந்தேன். எல்லா ஜன்னலுக்கும் கம்பி. எதிரே லேத் பட்டறைக்காரர் புது வேட்டியோடு கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, பூட்டை அறுக்க ஆக்ஸா பிளேடு கிடைக்குமா என்றேன். அவர் நெற்றிச் சந்தனம் கலையாமல் தலையை நிமிர்த்தினார்.

“பிளேடு, சுத்தியல், உளி எல்லாம் படுத்திருக்குதுங்க. நாளைக்குத்தான் எழுப்புவோம்.”

“இந்தத் தெருவுல வேற யாருகிட்டயாச்சும்?”

“இன்னைக்கா? இந்த ஊர்லயே எதுவும் எந்திரிக்காதுங்க.”

அவர் சொன்னது உண்மை. ஆயிரக்கணக்கான மிஷின்கள் உள்ள ஊரில், அன்று ஒரு திருப்புளிகூட வேலைக்கு வராது. பொட்டு வைத்த எல்லாக் கருவிகளும் ஓய்வில் இருந்தன.

எங்கள் பேச்சைக் கேட்டுப் பக்கத்துக் கட்டடத்தின் மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பீகார்க்காரர், அயர்னிங் வேலை செய்பவர். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிலைமையைச் சொன்னதும் சிரித்தார்.

“நம்ம ஊர்ல கருவிக்கு விஸ்வகர்மா பூஜா, அது முன்னாடியே ஆச்சு அண்ணா. நம்ம சுத்தியல் இப்ப டூட்டில இருக்கு. வந்து ஒடைக்கவா?”

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் பாய் கையைக் கூப்பிவிட்டார்.

“வேண்டாம் தம்பி. ரொம்ப நன்றி.” பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “பூசை அன்னைக்கு, பொட்டு வெச்ச பூட்டை ஒடைச்ச ஆளு நானா இருக்கக் கூடாதுங்க அண்ணா. வேற யாராச்சும்னா பரவாயில்லை. நான் இருக்கக் கூடாது.”

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தோம். பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு சந்து. தாண்டுகிற வயது எங்கள் இருவருக்குமே இல்லை. படத்தில் அந்தப் பெண் படுக்கை விரிப்பைக் கிழித்து ஜன்னல் வழியே இறங்கினாளே என்றேன். பாய் யூனிட்டில் அடுக்கியிருந்த லேபிள் ரோல்களைப் பார்த்தார்.

“நம்ம கிட்ட விரிப்பு இல்லீங்க. லேபிள்தான் இருக்குது. ஒவ்வொண்ணுலயும் முறுக்கிப் பிழியக் கூடாதுன்னு நானே அடிச்சு வெச்சிருக்கேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அறை முன்பைவிடச் சின்னதாகிவிட்டது.

வீட்டிலிருந்து போன் வந்தது. எங்கே இருக்கீங்க என்று கேட்டிருப்பார்கள். “வந்துட்டே இருக்கேன்” என்றார் பாய், ஸ்டூலில் உட்கார்ந்தபடி. சற்றுப் பொறுத்து மச்சான் பேசினார். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. சோமனூர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், நீங்கள் மெதுவாகவே வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்ற அந்த வார்த்தையில் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரிங்க மச்சான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

செய்வதற்கு ஒன்றுமில்லாததால் படத்தை மறுபடி ஓடவிட்டேன். அந்த முடிவு எனக்கே விசித்திரமாக இருந்தது. ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது மேலாகத் தோன்றியது. குழாய் ரிப்பேர்க்காரராக மாட்டிக்கொண்ட பணக்கார அப்பா ஸ்பானரைப் பிடித்தபடி மகளிடம் கத்திக்கொண்டிருந்தார். மகள் இரண்டு மடங்கு கத்தினாள். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டீர்களா என்கிறாள். அவர், நீ சொன்னதில்லையே என்கிறார். சொன்னேன், நீங்கள் அப்போது பேசிக்கொண்டிருந்தீர்கள் என்கிறாள். எனக்கு அது வேகத்துக்காக எழுதிய வசனமாகத்தான் பட்டது. பாய் சிரிக்கவில்லை.

கீழே வண்டியின் ஹாரன் இரண்டுமுறை அடித்தது. அவர் மகள்தான். அப்பா எங்கே படம் பார்க்கப் போவார் என்பது வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பாய் இறங்கிப் போனார். நான் படிக்கட்டின் திருப்பத்தில் நின்றேன். போகலாமா இருக்கலாமா என்று தெரியவில்லை. எங்கே போவது?

“வந்துட்டே இருக்கேன்னு சொன்னீங்களாம்” என்றாள். விருந்தாளிகளுக்காகக் கட்டிய புடவைக்கு மேல் வண்டி ஓட்டும் கோட்டை மாட்டியிருந்தாள்.

“ஆமா கண்ணு.”

“இந்த லட்சணத்துலயா?” பூட்டைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஓனருக்குச் சொல்லலையா?”

“சொன்னேன். சாவி பூசையில இருக்குதாம். அவசரமான்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பாய் காலியான செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார்.

“இல்லீங்கன்னு சொல்லிட்டீங்க.” அவள் கேட்கவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. “அத்தா, நீங்க இன்னைக்கு ஊட்டுல இருந்திருந்தா மட்டும் சொல்லியிருப்பீங்களா?”

“தெரியலைம்மா.”

“எனக்குத் தெரியும். அவங்களும் இதே மாதிரித்தான் கேப்பாங்க. உங்க பக்கம் ஏதாச்சும் சொல்லோணுமாங்கன்னு மரியாதையா கேப்பாங்க. நீங்களும் மரியாதையா ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லுவீங்க. மாமா ஜிலேபியை எடுத்து நீட்டுவாரு.”

பாய் ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். அவள் வெளியே, அவர் உள்ளே. அந்த நேரத்தில் அவர் எத்தனை வருஷமாக அப்படி நின்றுகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஓனரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பேச ஆரம்பித்தபோது வணக்கமோ நலம் விசாரிப்போ இல்லை.

“அண்ணா, நான் முன்னால சொன்னது தப்புங்க. அவசரமுங்க. எம்புள்ளையைக் கேட்டு வர்றாங்க. நான் ஊட்டுல இருக்கோணும்.”

மறுபக்கம் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

“பாய், இதை அப்பவே சொல்றதுக்கு என்னங்க? புள்ளை விசயமுங்களே. சாமி கோவிச்சுக்கறதா இருந்தா எம்மேல கோவிச்சுக்கட்டும். எடுத்துட்டுக் கெளம்பறேன்.”

கணியூரிலிருந்து நல்லூர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் போனிலேயே சொல்லியிருந்தால் இந்நேரம் பாதி வழி வந்திருப்பார். அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. மகள் வண்டியைத் திருப்பினாள். “அவங்க வந்து ஒக்காந்ததும் நான் கூப்புடுவேன். ஸ்பீக்கர்ல போடுவேன். எடுங்க அத்தா.”

“போன்ல பேசற விசயமாம்மா இது?”

“கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து பேச முடியுமா உங்களால?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பாங்கு ஒலித்தது. பாய் மேலே வந்து, ஒரு புது வெள்ளைத் துணியை உதறி விரித்துத் தொழுதார். நான் புரொஜெக்டரை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். தெரு மங்கியது. எல்லா யூனிட்டின் ஷட்டர்களும் இறங்கி, மிஷின் சத்தமே இல்லாமல் நல்லூர் அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

போன் வந்தபோது அவர் கீழே கேட்டருகில் போய் நின்றுதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அங்கே நின்றால் கொஞ்சமாவது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. ஸலாம் சொன்னார்கள். பதில் சொன்னார். பிறகு நான் அவரிடம் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசினார். வேகமாக, நடுவில் நிறுத்தாமல்.

“எம்புள்ள வேலைக்குப் போகுதுங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் போகும். அது உங்களுக்குச் சரிப்படுமான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் மத்ததையெல்லாம் பேசோணும்.”

‘மன்னிச்சுக்கங்க’ என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. போனில் ஒரு மின்விசிறி சுற்றுவதும், டம்ளரைக் கீழே வைப்பதும் கேட்டது. மச்சான் ஏதோ ஆரம்பித்தார். யாரோ இருங்க என்றார்கள். பிறகு ஒரு பெரியவர் குரல், மாப்பிள்ளையின் அப்பாவாக இருக்க வேண்டும்.

“நீங்க எங்கிருந்துங்க பேசறீங்க?”

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ற யூனிட்லங்க. உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. பழைய இங்கிலீஷ் படம் ஒண்ணு பாக்க வந்தேன்.”

பெண்கள் பக்கமிருந்து சிரிப்புக் கேட்டது. ஒருவர் சிரிப்பல்ல, பலருடையது.

“படம் நல்லாருக்குங்களா?” என்றார் பெரியவர்.

“இன்னும் முடியலீங்க.”

“சரி, வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நாங்க இருக்கோம். நேர்லயே பேசுவோம்.”

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. தீபாவளி கழிந்து ஆள் அனுப்பி, வேலைக்குப் போகிற விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். மகள் இப்போதும் அதே கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறாள். பாயின் மனைவி அந்தப் படத்தின் காரணமாகத்தான் எல்லாம் என்று நினைக்கிறார். என்னோடு அவர் பேசுவதும் ஓரிரண்டு வார்த்தையோடு நின்றுவிட்டது. ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று மாலை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

ஓனரின் கார் வந்து நின்றது. மாலை முகப்பிலேயே இருந்தது. காற்றில் பாதி பிய்ந்திருந்தது. சாவியில் சந்தனமும் குங்குமமும் காயாமல் இருந்ததால் அதை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து எடுத்து வந்திருந்தார். இலையோடு பிடித்தே பூட்டைத் திறந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாய் அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நடையில்லை, ஓட்டம். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

“செருப்புக்கூடப் போடாம போறாருங்களே” என்றார் ஓனர்.

நான் மேலே போய் விளக்கை அணைத்து, ஜன்னல்களைச் சாத்தி, இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். என்னுடையதைப் போட்டுக்கொண்டு அவருடையதைக் கையில் பிடித்தபடி அவர் வீட்டுத் தெருவரை நடந்தேன். வாசலில் சோமனூர் வேன் நின்றது. உள்ளே டியூப்லைட் வெளிச்சம். பலர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது; யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. அதில் பாயின் குரலும் இருந்தது. அழைக்கப்படாத இடத்துக்கு நான் போக முடியாது. வாசற்படிக்குக் கீழே ஆண்களும் பெண்களும் கழற்றிய செருப்புகள் நிறையக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, பாயின் செருப்பை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.